பொன்னாடைக்கு உரியவர்

முன்வரிசையில் படகு முதலாளியான சம்மாட்டி கனகலிங்கம் காலுக்குமேல் கால் போட்டிருந்தார். "கடற்பசுவைப் படம் பிடிக்கிற விசரி" என்று சிரித்துக்கொண்டே, தேனுகாவிடமிருந்த ஒரே கமராவைப் பறித்துக் கடலுக்குள் எறிந்த மனுசன்.

ஆனாலும் அவரை வீடு தேடிப்போய் அழைத்தவள் அவள்தான்.

நாச்சிக்குடா பொதுநோக்கு மண்டபத்தில் வெள்ளை வேட்டிதான் திரை. பழைய கைபேசியைத் தடியில் கட்டி எடுத்த படம் ஓடியது. வலையில் சிக்கிய கடற்பசு ஒன்று துடித்தது. முதுகு மட்டும் தெரிந்த ஒருவர் படகிலிருந்து குனிந்து, அந்த வலையைக் கத்தியால் அறுத்தார்.

தேனுகா படத்தை நிறுத்தினாள். "இந்தப் பெரிய மனசுக்காரர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சால் பொன்னாடை போர்த்தலாம்."

சம்மாட்டி எழும்பிவிட்டார். "என்ர படகு, என்ர கத்தி! இந்த முதுகை ஆருக்குத் தெரியாது?"

"வடிவாப் பாத்துத்தான் சொல்லுறியளோ ஐயா?"

"கோயிலிலையும் சத்தியம் பண்ணுவன் பிள்ளை!"

மண்டபமே கைதட்டியது. தேனுகா பொன்னாடையை அவர் தோளில் போர்த்திவிட்டு, பின்வரிசையில் இருந்த வனவிலங்கு அதிகாரியைப் பார்த்தாள்.

"ஐயா, ஆளின்ர முகம் தெரியேல்லை, வழக்குப் போடேலாது எண்டுதானே போன வருசம் இந்த வீடியோவைத் திருப்பித் தந்தனீங்கள்? இப்ப மிச்சத்தையும் போடட்டோ?"

வேட்டித் திரையில் அதே கத்தி கடற்பசுவின் கழுத்துக்குப் போனது.