மூணு பெருசு, ஒண்ணு குட்டி

டுலூத் நகர விடுதி அறையில் போன் ரிசீவரை, கணினி எழுத்தை ஒலியாக்கி அனுப்பும் மோடத்தின் ரப்பர் கிண்ணங்களில் அமுக்கி, ஹாக்கி ஆட்டச் செய்தியைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பி முடித்தான் நிருபர் வெண்டல். வைத்த கையோடு ஆசிரியர் ஹார்லன் கூப்பிட்டார்.

"யோவ், கோல் அடிச்சவன் பேருக்கு நடுவுல மூணு தடவை கன்னாபின்னான்னு எழுத்து விழுந்திருக்கே?"

"ரூம்ல சத்தம் வந்தா மோடம் அதையும் எழுத்தாக்கிடும் சார். பெருக்க வந்த அம்மா தும்மிட்டாங்க."

"வரிசையா மூணு தும்மலா?"

"ஆமா சார். பாவம், ஜலதோஷம்."

"நாலு வரி தள்ளி, குட்டியா இன்னொண்ணு இருக்கே?"

"அது... அதுவும் அவங்கதான் சார்."

"தெரியும்யா. பதினெட்டு வருஷமா அந்தத் தும்மலைக் கேட்டுக்கிட்டிருக்கேன். அம்மா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பின என் பொண்டாட்டிகிட்ட போனைக் குடு!"