ஆளுக்கொரு ஆடு

போனை என் கையில் திணித்துவிட்டு, "நீயே பேசிடு, எனக்கு வாய் வரல" என்று என் வீட்டுக்காரர் பட்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு வாய் வரும். அதற்குப் பேர்போனவள் நான்.

ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பட்டிக்குள் ஆடுகள் படுத்துக் கிடந்தன. வாயெல்லாம் புண், மூக்கெல்லாம் சளி. காலையில் எழுந்து நின்றவைகூட மதியத்தில் நிற்கவில்லை.

செவலை மட்டும் நின்றுகொண்டு அசைபோட்டது.

அதைப் பார்த்துத்தான் கால்நடை மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. "இது ஏற்கெனவே நோய் வந்து தேறின ஆடு. தேறினாலும் கொஞ்ச நாளைக்கு மத்ததுக்குப் பரப்பும். இதைக் கொடுத்தவங்களுக்கு உடனே சொல்லுங்க. அவங்க ஆடுகளையாவது காப்பாத்தலாம்" என்றார்.

கொடுத்தவரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

செம்மறி வளர்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குரூப். அதில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. அவரவர் ஆடுகளின் முகம் எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஓர் ஆட்டுக்கு வயிறு உப்பினால் போதும், இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வைத்தியம் சொல்வார். எனக்குத் தலைவலி என்றால், தூங்கினால் சரியாகிவிடும்.

போன மழையில் எங்கள் ஆடுகள் அத்தனையும் ஒரே மரத்தடியில் ஒதுங்கின. இடி அந்த மரத்தில்தான் விழுந்தது.

இவர் குரூப்பில் ஒரு வரி எழுதினார்: 'எல்லாம் போச்சு. இனிமே எனக்கு இங்க வேலை இல்ல, வர்றேன்.'

அவர்கள் விடவில்லை. ஆளுக்கொரு ஆடு அனுப்பினார்கள். சில லாரியில் வந்தன, சில வேனில் வந்தன. ஒன்று காரின் பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியது. இவர் ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அடுப்படிக்குப் போய்.

புதிதாக வரும் ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். குரூப்பில் எல்லோருக்கும் இவர் ஓதுகிற பாடமே அதுதான். நான் ஞாபகப்படுத்தினேன்.

"மனசார கொடுத்ததைச் சந்தேகப்பட்டுத் தள்ளி வெக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்துவிட்டு, வந்த அன்றே எல்லாவற்றையும் ஒன்றாக விட்டார்.

அதனால் எனக்கு வந்த கோபத்தை இவர்மேல் காட்ட இப்போது மனசு வரவில்லை. ராத்திரியெல்லாம் ஒவ்வோர் ஆட்டின் வாயையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த மனுஷன். ஆகவே மொத்தக் கோபமும் செவலையைக் கொடுத்தவர் பக்கம் திரும்பியது.

அவரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. கொடுத்தது ஓர் ஆடு. தினமும் காலையில் குரூப்பில் வந்து நிற்பார். 'எங்க செவலை தண்ணி குடிச்சாளா? மத்ததோட சண்டை போடாம இருக்காளா?' யானையைத் தானம் செய்தவர்கூட இத்தனை விசாரிக்கமாட்டார். நோய் வந்த பட்டியிலிருந்து ஆட்டைத் தள்ளிவிட்டு விசாரிப்பு வேறு. முதலில் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பது, அதற்கப்புறம் எச்சரிப்பது என்று முடிவு செய்துகொண்டு எண்ணை அழுத்தினேன்.

அவர் மனைவி எடுத்தாள். நான் யாரென்று சொன்னதும் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அக்கா, நீங்களா! செவலை நல்லாயிருக்காளா?"

"அது கிடக்கட்டும். உங்க பட்டியில இருக்கற ஆடெல்லாம் எப்படி இருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

அவள் குரலில் இருந்த சந்தோஷம் வடிந்தது.

"யார்க்கா சொன்னாங்க உங்களுக்கு?" என்றாள். "பட்டியில ஒண்ணுமில்லக்கா. உங்க வீட்ல இடி விழுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே ஒரு நோய் வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடுச்சு. செவலை ஒருத்திதான் பிழைச்சா. 'சாவையே பாத்துட்டு வந்தவ, இவளுக்கு இனி ஒண்ணும் ஆகாது, புதுசா ஆரம்பிக்கறவருக்கு இவதான் சரி'ன்னு இவர்தான் அனுப்பி வெச்சாரு. குரூப்புல சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா எங்களுக்கும் ஆளுக்கொரு ஆடு அனுப்ப ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களும் எத்தனை பேருக்குத்தான் கொடுப்பாங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே செவலையைத் தேடினேன்.

"அவ நல்லாயிருக்கா இல்லக்கா? காலையில அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் இவர் ஒரு வாய் சாப்பிடறாரு."

செவலை வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, வெளியே தொங்கிய ஒரு கொடியை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"நல்லா சாப்பிடறா" என்றேன். "இப்பகூட ஏதோ தின்னுக்கிட்டுதான் இருக்கா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் இவர். கையெல்லாம் மண். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டியா? அவங்க ஆடாவது தப்பிச்சுடுமா?"

"சொல்லிட்டேன்" என்றேன். "எல்லாம் தப்பிச்சுடும்."