அம்மா போடாத கையெழுத்து

"ஒரு கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" மகன் போட்ட சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

"மாட்டேன்னா மாட்டேன்தான்," என்றாள் அம்மா, வாக்கிங் ஷூவின் கயிற்றைக் கட்டியபடியே.

மின்சாரக் காரை வாங்கி வாசலில் நிறுத்தியாயிற்று. வீட்டில் சார்ஜர் வைக்க அரசு மானியம் தருகிறது; ஆய்வுக்கு அதிகாரியும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீடு அம்மா பெயரில் இருப்பதால் அவள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவளோ ஒரு வாரமாகப் பிடி கொடுக்கவில்லை.

"அத்தைக்குக் கரண்ட்னா பயம்," என்று மருமகள் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி அம்மாவின் அடையாள எண்ணை டேப்லெட்டில் தட்டினார். "சார், ஒருத்தருக்கு ஒரு தடவைதான் மானியம். அம்மா போன மாசமே வாங்கிட்டாங்களே. வேற விலாசத்துல, கணவரோட சேர்ந்து."

"எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு சார்." மகன் டேப்லெட்டை எட்டிப் பார்த்தான். "நல்லாப் பாருங்க."

"கல்யாணப் பதிவுச் சான்றிதழே இருக்குங்க."

மருமகள் வாயில் கை வைத்தாள். "அப்போ தினம் ரெண்டு மணி நேரம் வாக்கிங் போனது?"

"அந்த வீட்டுக்குத்தான்மா," என்றாள் அம்மா. "இதுலயும் கையெழுத்துப் போட்டா பொய்க் கையெழுத்தாயிடும்ல? அதான் மாட்டேன்னேன்."

அடுத்த வாரமே அம்மா பெட்டியோடு அங்கே குடிபோய்விட்டாள். மாப்பிள்ளை ஓய்வுபெற்ற டிரைவிங் மாஸ்டராம். "அந்த ஆள் முகத்துல முழிக்கவே மாட்டேன்" என்று குதித்த மகன், இப்போது வாரம் இரண்டு முறை அம்மாவைப் பார்க்கப் போகிறான். போனால், கார் முழுசாகச் சார்ஜ் ஏறும்வரை எழுந்திருப்பதே இல்லை.