கிழிக்காத மூன்று தாள்கள்

சர்க்கரையால் முன்தோல் இறுகிப்போய், நாற்பத்தெட்டு வயதில் தணிகாசலத்துக்குச் சுன்னத்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. ஆறு வாரம் கழித்து மனைவியோடு சேரலாம் என்றார் டாக்டர். சுகம் குறையுமா என்று தணிகாசலம் தரையைப் பார்த்துக் கேட்டார். "சிலர் குறைஞ்சுதுங்கிறாங்க, சிலர் கூடுச்சுங்கிறாங்க. முக்கால்வாசிப் பேர் வித்தியாசமே இல்லேங்கிறாங்க" என்று டாக்டர் சொன்னது அவரை இன்னும் கலக்கிவிட்டது. அலுவலகத்தில் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தார். முதல் இரண்டு வாரமும் கைலியை இரண்டு விரலால் முன்னால் தூக்கிப் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தார்.

தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அவர் வேலை. ஆறு வாரம் முடிந்த வியாழக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டார். வெள்ளியும் சனியும் வியாழனாகவே தொங்கின. ஞாயிறு மதியம் அவர் மனைவி வசுமதி மூன்று தாளையும் சேர்த்துக் கிழித்து அவர் மடியில் போட்டாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்று கதவைத் தாழிட்டாள்.

பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"ஒண்ணும் குறையல வசு" என்றார், வியர்வையும் சிரிப்புமாக.

வசுமதி அவர் முகத்தையே பார்த்தாள். "இன்னைக்கு நீங்க கண்ணை மூடவே இல்ல."

"ம்."

"ரெண்டு வருசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கி மூடுவீங்களே. என்மேல அவ்வளவு ஆசைன்னு நெனச்சு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் வலியா?"

தணிகாசலம் கைநீட்டி, அவள் நெற்றியில் விலகியிருந்த பொட்டை நடுவில் ஒட்டினார்.

"எல்லா நாளும் இல்ல" என்றார்.