கண்ணுள்ள கோபம்

குடும்பநல ஆலோசகரின் மேசை கவிழ்ந்து கிடக்கிறது. நொறுங்கிய தண்ணீர் ஜாடியின் சில்லுகள் ஜன்னல் வெயிலில் தரையெங்கும் மினுங்குகின்றன. மேசையைக் கவிழ்த்தவன் மூச்சிரைக்க நிற்கிறான். அவன் மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். முறிந்த கையில் மாவுக்கட்டு. "கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது மேடம்," என்கிறான். ஆலோசகர் குனிந்து ஒரு சில்லைப் பொறுக்குகிறார். "மேசை மேல இருந்த உங்க போனை எடுத்துப் பையில போட்டுட்டுத்தானே கவுத்தீங்க? கோவம் ஏன் வந்துச்சுன்னு நான் கேக்கல. அதை வெச்சு என்ன சாதிக்கப் பாக்குறீங்க?" அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தொடுகிறது. மனைவி முதல் முறையாக நிமிர்ந்து, மாவுக்கட்டைத் தடவியபடி சொல்கிறாள்: "வீட்டுலயும் டிவி மேல ஒரு கீறல்கூட விழுந்ததில்ல மேடம்."