பத்துப் புள்ளிக் கேள்வி

சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி அவள் அந்தப் பிள்ளையின் விடையை மறுபடியும் படித்தாள்.

கேள்வி சுலபமானதுதான். போருக்கும் பயங்கரவாதத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் ஐந்து தருக. பத்துப் புள்ளி.

எதிர்பார்த்த விடை அதைவிடச் சுலபம். திருத்த வந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் புள்ளித்திட்டம் என்று ஓர் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். எதை எழுதினால் எத்தனை புள்ளி என்று அதில் இருந்தது. போருக்குச் சீருடை உண்டு, மற்றதற்கு இல்லை. போருக்கு விதிகள் உண்டு, மற்றதற்கு இல்லை.

அந்தத் திட்டத்தை எழுதிய கனவான் எறிகணைச் செல் விழும் சத்தத்தைத் தொலைக்காட்சியில்தான் கேட்டிருப்பார். அதையும் சத்தத்தைக் குறைத்துவிட்டு.

காலையிலிருந்து நாற்பது பிள்ளைகள் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் பத்துக்குப் பத்து.

நாற்பத்தோராவது பிள்ளையும் தாளின் நடுவே ஒழுங்காகக் கோடு இழுத்திருந்தது.

இடப்பக்கம், போர்: முன்கூட்டியே அறிவிப்பார்கள். கோயில் பாதுகாப்பான இடம் என்று நோட்டீஸ் போட்டார்கள். போனோம். அங்கேதான் செல் விழுந்தது.

வலப்பக்கம், பயங்கரவாதம்: அறிவிக்க மாட்டார்கள். அண்ணா பஸ்ஸில் போனார்.

இடப்பக்கம்: பிறகு வருத்தம் தெரிவிப்பார்கள்.

வலப்பக்கம்: பிறகு நாங்கள்தான் செய்தோம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அதற்குக் கீழே கோடு மட்டும் போனது.

கோயிலில் போட்டவனும் வீரன். பஸ்ஸில் குண்டு வைத்தவனும் வீரன். அவனவன் கொடியைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்றக் கேள்விகளின் புள்ளிகளைக் கூட்டினாள். முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி.

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பள்ளிக்கூடம் வழியாக வராத எண். அதாவது ஏற்கெனவே ஒரு தடவை தவறிய பிள்ளை. அடுத்த வருடம் இதே கேள்வி வந்தாலும் இதே விடையைத்தான் எழுதும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

தாளை எடுத்துக்கொண்டு பிரதம பரீட்சகர் குணநாயகத்திடம் போனாள். அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய். தாளை வாங்கவில்லை.

"புள்ளித்திட்டத்தில இருக்கோ?"

"இல்லை சேர். ஆனா பிள்ளை எழுதினது பிழையில்லை."

"பிழையெண்டு நானும் சொல்லேல்லையே ரீச்சர். 'போரில் படையினர் மட்டுமே இலக்கு' எண்ட வரியாவது எங்கையாவது இருக்கோ பாருங்கோ. அது ஒண்டு இருந்தாலும் ரெண்டு போடலாம். இல்லாட்டி பூச்சியம்தான்."

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டாவது வரலாம்.

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய கணவர் கணிதம் படிப்பித்தவர். எந்தப் படையிலும் இருந்ததில்லை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. செல் விழுந்து ஓய்ந்தபின் பதுங்குகுழி வாசலில் அவருடைய உடலைக் கண்டெடுத்தபோது சட்டைப்பையில் கரும்பலகையில் எழுதும் சோக்கட்டிகள் இரண்டு இருந்தன. அவை உடையவில்லை.

சுற்றிலும் எல்லோரும் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார்கள்.

கைப்பையைத் திறந்து நீலப் பேனாவை எடுத்தாள்.

அந்தப் பிள்ளையின் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும். அவளும் சாய்த்தே எழுதினாள்.

போரில் படையினர் மட்டுமே இலக்கு.

அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மை காயும்வரை காத்திருந்தாள். பிறகு தான் எழுதியதற்குத் தானே சிவப்பில் சரி போட்டாள்.

இரண்டு புள்ளி.