தூக்கணாங்குருவி எடுத்த பயிற்சி

எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் பஸ் பிடித்துப் போய்விடுவீர்கள். அந்தக் காட்டில் ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளராகத் தூக்கணாங்குருவி டீச்சரைப் போட்டுவிட்டார்கள். குஞ்சுகளுக்குக் கூடு பின்னச் சொல்லித்தருவதில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் கூட வேலை பார்க்கிறவர்களுக்கே பாடம் எடுப்பதென்றால் சும்மாவா? சொதப்பினால் நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"வணக்கம். இன்றைய தலைப்பு, கற்றலில் ஆர்வம்" என்று தொடங்கினாள்.

நீச்சல் சொல்லித்தரும் வாத்து வாத்தியார் உடனே அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கப் போனார். பாட்டு வாத்தியார் கழுதை, "டீக்கு எப்ப விடுவீங்க டீச்சர்?" என்றார்.

குருவி குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"சார், என் வகுப்புல ஒரு குஞ்சுக்கு முடிச்சே போட வரல. தினம் அழுகுது. நானும் என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

வாத்து தலையை வெளியே எடுத்தார். "பக்கத்துல உக்காந்து நீங்களும் தப்பாப் போடுங்க. டீச்சருக்கே வரலைன்னா அதுக்குத் தைரியம் வரும்."

"அது வேலைக்கு ஆகாது சார்" என்று கழுதை எழுந்தார். "பாட்டாச் சொல்லிக்குடுக்கணும்." பாடியும் காட்டினார்.

டீ வந்தது, ஆறியது, ஆடை படிந்தது. இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். குருவி எழுதிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கருத்துப் படிவத்தில் இருவரும் எழுதியது ஒன்றேதான்: "கருத்தாளர் அருமையாகப் பேசினார். அடுத்த முறையும் இவரே வந்து பேச வேண்டும்."